நாலரை மணித் தண்ணி

காலைக் கொஞ்சம் சன்னல் பக்கம் தள்ளி வச்சுக்கங்கக்கா. அந்தச் சாக்குல இருக்கிறது தேங்காய் இல்ல, பம்பு. பஸ் குலுங்கும்போது உருண்டு வந்து இடிச்சா விரல் நசுங்கிரும். காலையில போகையில ஒரு அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு. காரியாபட்டியில இருந்து மண்டேலா நகர் வரைக்கும் என்னை வஞ்சுக்கிட்டே வந்தாரு. இவன் உங்க சேலையைப் புடிச்சு இழுத்தா கையைத் தட்டி விடுங்க, அழ மாட்டான். பத்து மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள ஊர்ல உள்ள சேலை பூராத்தையும் இழுத்துப் பாத்துட்டான்.

நான் அருப்புக்கோட்டையில எறங்கணும். நீங்க பந்தல்குடியா? அப்ப உங்களுக்கும் நேரம் கெடக்கு.

மோட்டாரான்னு கேக்குறீங்களா? போர்ல இருந்து தண்ணி ஏத்துறது வேற மோட்டாரு. இது பிரஷர் பம்பு. டேங்குக்கும் குழாய்க்கும் நடுவுல இருக்கும். குழாயைத் திறந்தா தானா ஓடும், மூடுனா தானா நிக்கும். அப்படித்தான் சொல்லி வித்தாங்க. வாங்கி ரெண்டு மாசம் ஆகல, ரெண்டாவது தடவையா மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிட்டு வர்றேன். கண்டக்டர் அண்ணனே கேட்டாரு, 'என்னம்மா, மறுபடியும் ஆஸ்பத்திரிக்கா?'ன்னு. இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. இவன் கனமா அது கனமான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலக்கா. இவனாவது அப்பப்ப சிரிக்கிறான்.

எங்க வீடு பைபாஸ் பக்கம், புதுசாக் கட்டுனது. எல்லாம் நல்லாத்தான் கட்டுனாங்க. ஆனா கொத்தனாரு மொட்டை மாடியில நாலு வரி செங்கல்லு வச்சு அதுமேல டேங்கை உக்கார வச்சுட்டாரு. உயரமே இல்ல. உயரம் இல்லாட்டி தண்ணி எப்படிக்கா வேகமா எறங்கும்? அதுல அரை இஞ்சு பைப்பு. அதுல உப்புத் தண்ணி. பைப்புக்குள்ள சுண்ணாம்பு மாதிரி ஏறிக் கெடக்கு. ஒரு வாளி நெறைய இருபது நிமிஷம். ரெண்டு குழாயை ஒண்ணாத் திறந்தா ரெண்டும் சளி புடிச்ச மூக்கு மாதிரி ஒழுகும். எங்க வீட்டுக்காரரு மில்லுல மெஷின் ஓட்டுறவரு. 'குழாயைக் கொஞ்சம் பாருங்களேன்'னு சொன்னாப் போதும், அவருக்குத் தலைவலி வந்துரும்.

நான் வீட்டுலயே இருக்கிறவளா இருந்தா ஒழுகுற வரைக்கும் ஒழுகட்டும்னு விட்டிருப்பேன். ஆனா எனக்கு வேலை கெடச்சிருச்சுல்ல. பள்ளிக்கூடத்துல காலைச் சாப்பாடு சமைக்கிறது. எங்க மகளிர் குழுவுல மூணு பேரைப் போட்டாங்க. எம் பொண்ணு யாழினி அங்க மூணாங் கிளாசு படிக்கிறா, அதனால எனக்கும் குடுத்தாங்க. அஞ்சேகாலுக்கு அங்க அடுப்புப் பத்தணும். எண்பத்தி நாலு புள்ளைங்க, எட்டு மணிக்குத் தட்டோட உக்காந்துரும். நான் கிச்சடி கிண்டுனா சட்டியில வழிக்கக்கூட மிஞ்சாது. பெருமைக்குச் சொல்லலக்கா. கல்யாணத்துக்கு அப்புறம் இப்பத்தான் நாலு பேரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க. வீட்டுல நான் 'ஏய்', 'அம்மா', 'ஆத்தா'. அங்க போனா காளீஸ்வரி. 'காளீஸ்வரி வந்தாச்சா, அப்ப அடுப்பைப் பத்த வைங்க.' அதைக் கேக்குறதுக்காகவே நாலரைக்கு எந்திரிக்கலாம்.

ஆனா எந்திரிச்சா தண்ணி வேணும்ல? நாலரையில இருந்து அஞ்சு மணிக்குள்ள நான் குளிக்கணும், இவன் பால் பாட்டிலைக் கழுவிக் கொதிக்க வைக்கணும், ஆறு மணி ஷிப்டுக்குப் போறவருக்குச் சோறு வடிக்கணும். எல்லாம் அந்த அரை மணி நேரத்துலதான்.

எங்க மாமா இருக்காரே, அவரு இல்லாட்டி நான் அந்த வேலையில ஒரு வாரம்கூட நின்னிருக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரோட அப்பா. இருளப்பன்னு பேரு. அத்தை தவறுனதுக்கு அப்புறம் எங்களோட கூட்டிட்டு வந்துட்டோம். ஊருல பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டரா இருந்தவரு. தண்ணி ஏத்துறது, தெருத் தெருவா வால்வைத் திறந்து விடுறது, மூடுறது, அதான் வேலை. இருபத்தெட்டு வருஷம். அந்த ஊருல அவரைத் திட்டாத பொம்பளை கிடையாது, அவரு வீட்டு வாசல்ல வந்து கெஞ்சாத பொம்பளையும் கிடையாது. 'அண்ணே, இன்னும் பத்து நிமிஷம் விடுங்கண்ணே. மகளைப் பொண்ணு பாக்க வர்றாக'ன்னு நிப்பாங்களாம். கல்யாண வீட்டுல மாப்பிள்ளை வந்தாச்சான்னு கேக்குறதுக்கு முன்னாடி இருளப்பன் தண்ணி விட்டாச்சான்னு கேப்பாங்கன்னு அத்தை சொல்லுவாங்க.

அவருதான் எங்க வீட்டுக்கு ஒரு வழி பண்ணுனாரு. பிளம்பர் அந்தோணியைக் கூப்பிட்டு டேங்குக்குக் கீழ அடுப்படிக்கு ஒரு வால்வு, பாத்ரூமுக்கு ஒண்ணு, கொல்லைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வைக்கச் சொன்னாரு. மொத்தத்துக்கும் சேத்து டேங்கு வாயில ஒரு பெரிய வால்வு. அப்புறம் மொறை வச்சுத் திறக்க ஆரம்பிச்சாரு. நாலு மணிக்கே மாடி ஏறிருவாரு. நான் கண்ணைக் கசக்கிட்டு வரும்போது மேல இருந்து சத்தம் வரும், 'அடுப்படிக்குத் திறந்துட்டேன்த்தா!' மத்ததெல்லாம் மூடியிருக்கிறதால அடுப்படிக் குழாய் கொஞ்சம் வேகமா வரும். பத்து நிமிஷம் கழிச்சு, 'பாத்ரூமுக்கு மாத்துறேன்!' அந்தச் சத்தத்துக்குத் தெருவே முழிச்சுக்கிரும்.

பக்கத்து வீட்டுத் தமயந்தி அக்கா கேட்டுச்சு, 'ஏண்டி காளீஸ், உங்க வீட்டுக்குள்ளயே வடக்குத் தெரு, தெக்குத் தெருன்னு இருக்கா?'ன்னு. சிரிச்சுட்டேன். ஆனா மனசுக்குள்ள ஒரு மாதிரியாப் போச்சு. அறுபத்தெட்டு வயசு மனுசன், பதினெட்டுப் படி, ஒரு காலையில நாலு தடவை ஏறி எறங்குறாரு. நான் வேலைக்குப் போகணும்ங்கிறதுக்காக ஒரு பெரியவரை இப்படிப் போட்டு வாட்டுறோமேன்னு இருந்துச்சு. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அப்படி ஒரு மனுசன். இருபத்தெட்டு வருஷம் ஊருக்கு உழைச்சுட்டு, இங்க வந்தும் அதே வேலையான்னு மனசுக்குள்ள இருக்காதா? நமக்குத்தானே தெரியணும்.

அதான் இந்தப் பம்பு. அந்தோணி கொண்டுவந்து மாட்டுன அன்னைக்கு மாமாகிட்ட முதல் ஆளாப் போய்ச் சொன்னேன். 'மாமா, இனிமே நீங்க படி ஏறவே வேண்டாம். எல்லாம் தானா நடக்கும். நாற்காலியில உக்காந்து டீ குடிங்க, டிவி பாருங்க.' அவரு பம்பையே பாத்துக்கிட்டு நின்னாரு. 'அப்ப வால்வு?'ன்னாரு. 'எல்லாத்தையும் திறந்து வச்சுட்டாப் போதும் மாமா. இனி தொட வேண்டிய வேலையே இல்ல.' 'ஓகோ'ன்னாரு. அம்புட்டுதான். சந்தோசத்துல பேச்சு வரல போல.

முதல் ஒரு வாரம் கேக்கணுமே! குத்தாலம் கெட்டுச்சு. யாழினி பாத்ரூமை விட்டு வெளிய வர மாட்டேன்னுட்டா. எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டெல்லாம் வந்துச்சு. மாமாவுக்கு மட்டும் புடிக்கல. 'தண்ணி முதுகைக் குத்துது'ன்னு கொல்லையில வாளியில மோந்து குளிச்சாரு. அப்புறம் நாற்காலியில உக்காந்துக்கிட்டு, 'ஏத்தா, தண்ணி வருதா?' 'வருது மாமா.' கொஞ்ச நேரம் கழிச்சு, 'வருதா?' 'அதான் தானா வருதே மாமா.' ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கேப்பாரு. ரெண்டு இட்லியோட எந்திரிச்சிருவாரு. டிவியைப் போட்டு விட்டா அதுக்கு எதுத்த சுவத்தைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. கண்ணுல பொரை விழுந்திருக்குமோன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க.

ரெண்டாவது வாரம் ஒரு நாளு நாலரைக்குக் குழாயைத் திறக்கிறேன், பொட்டுத் தண்ணி இல்ல. மேல பம்பு மட்டும் 'ஊ'ன்னு அழுகுது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மாமாவை எழுப்பலாம்னு திரும்புறேன், அவரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் படியில நிக்கிறாரு! 'பதறாத ஆத்தா, நான் பாத்துக்கிறேன்.' ரெண்டே நிமிஷம். தண்ணி வந்துருச்சு. 'காத்து அடைச்சிருக்கு'ன்னு சொல்லிட்டு எறங்கி வந்தாரு. அன்னைக்குக் காலையில அவரு பேசுன பேச்சு இருக்கே! ஊருல ஒரு தடவை கெணத்துப் பைப்புக்குள்ள ஓணான் மாட்டுன கதை, ரெண்டு தெருக்காரங்க குடத்தால அடிச்சுக்கிட்ட கதை. நாலு இட்லி சாப்பிட்டாரு.

அதுக்கப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாளு, மூணு நாளு இப்படியே. அவரு கை வச்சாத்தான் தண்ணி வரும். 'உங்க கை ராசி மாமா'ன்னு சொன்னா அப்படி ஒரு சிரிப்புச் சிரிப்பாரு. இதுல ஒண்ணு பாருங்க, தண்ணி நிக்கிற அன்னைக்கு மட்டும் அவருக்கு நல்லாப் பசிக்குது. காலையில படி ஏறுறது உடம்புக்கு ஒத்துக்கிருச்சுன்னு நெனைக்கிறேன். டாக்டரும் நடக்கத்தான் சொல்லியிருக்காரு.

ஆனா பம்புக்கு ஒத்துக்கலையே. ஒரு நாளு அவரு மேல போறதுக்குள்ள உள்ள என்னமோ உருகிருச்சு. அதான் முதல் தடவை மதுரை. கடையில பாஸ்கர்னு ஒரு மெக்கானிக் அண்ணன். 'தண்ணி இல்லாம ஓடியிருக்கும்மா'ன்னாரு. 'டேங்கு நெறையத் தண்ணி இருக்குண்ணே'ன்னேன். 'அப்ப வழியில எங்கயோ அடைபடுது'ன்னாரு.

திரும்ப மாட்ட வந்த அந்தோணிகிட்ட அதைச் சொன்னா, 'யக்கா, அன்னைக்கு நான் பம்பைக் கழட்டப் போனப்பவே பெரிய வால்வு மூடித்தான் கெடந்துச்சு'ங்கிறான். எனக்குச் சுருக்குன்னுச்சு. யாரு மூடுவா? எங்க வீட்டுல நாங்க யாரும் மாடிப் பக்கம் போறதே இல்ல, மாமாவைத் தவிர. தமயந்தி அக்கா வீட்டு மாடியும் எங்க மாடியும் ஒட்டி இருக்கும். கைப்பிடிச் சுவரைத் தாண்டுனா இங்கிட்டு. அது வீட்டுக் குழாயும் எங்களது மாதிரிதான் ஒழுகும். நாங்க பம்பு வச்சதுல இருந்து அதுக்குக் கண்ணுன்னு எனக்குப் பட்டுச்சு.

போயி வாசல்ல நின்னு கேட்டே புட்டேன். 'எங்க வால்வுல உங்களுக்கு என்னக்கா வேலை?' அது காய்ஞ்ச துணியைக் கையில வச்சுக்கிட்டு வாயைத் திறந்துட்டு நிக்குது. 'உங்க வால்வை மூட எனக்கென்னடி கிறுக்கா? உங்க மாமனாரைக் கேளு. சாயந்தரம் ஆனா அங்கதான் நிக்கிறாரு, அந்த வால்வைத் தடவிக்கிட்டு.' எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! 'இருபத்தெட்டு வருஷம் ஊருக்கே வால்வு பாத்தவரு. எதைத் திறக்கணும், எதை மூடணும்னு அவருக்கா தெரியாது? அவரா மூடுவாரு?' தெருவே வேடிக்கை பாத்துச்சு. மாமா உள்ள இருந்து வரவே இல்ல. அவரு பேரு தெருவுல அடிபட்டது அவருக்குத் தாங்கல போல. அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. தமயந்தி அக்காகூட அன்னைக்கோட பேச்சு நின்னு போச்சு. இவன் பொறந்தப்ப எனக்குப் பத்தியச் சோறு பொங்கிக் குடுத்த பொம்பளைக்கா அது. என்ன செய்ய?

அதுக்கப்புறம் பத்து நாளு ஒரு தொந்தரவும் இல்ல. பாத்தீங்களா, கேட்டதும் அடங்கிருச்சுன்னு நெனச்சேன்.

இந்தப் புதன்கிழமை ராத்திரி, நான் பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்ததுக்கு அப்புறம், மாமா மாடியில நின்னுக்கிட்டு இருந்தாரு. ஊருல ஒரு துஷ்டின்னு போன் வந்துச்சு. அவரு கூட வேலை பாத்தவரு தவறிட்டாராம். அப்படியே எறங்கி, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனாரு. மறுநாள் காலையில நான் குழாயைத் திறக்கிறேன், தண்ணி இல்ல. மாமா இல்லையேன்னு அப்பத்தான் உறைக்குது. போன் அடிக்கிறேன், அங்க மேளச் சத்தத்துல எடுக்கல. நானே செல் வெளிச்சத்துல மேல போனேன். போறதுக்குள்ள கருகுன வாடை. பெரிய வால்வு இறுக்கி மூடிக் கெடக்கு. தமயந்தியை நெனச்சு அங்கயே நின்னு பல்லைக் கடிச்சேன். வால்வைத் திறந்தும் எரிஞ்ச பம்பைத் தாண்டித் தண்ணி எறங்கல.

போர் மோட்டாரைப் போட்டுக் கொல்லையில வாளியில புடிச்சு, எல்லாம் முடிச்சுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுறேன், ஆறே கால். அடுப்பு அணைஞ்சு கெடக்கு. அன்னைக்குப் பாத்து ஒரு அக்காவுக்குக் காய்ச்சல், இன்னொரு அக்காவால ஒத்தையில அண்டாவை ஏத்த முடியல. பொங்கல் வேகறதுக்கு எட்டே முக்கால் ஆயிருச்சு. புள்ளைங்க தட்டைத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்குக. எம் பொண்ணு என்னைப் பாக்காம தலையைக் குனிஞ்சுக்கிட்டா. ஏற்கெனவே ரெண்டு நாளு பிந்தியிருக்கேன், அதெல்லாம் பத்து நிமிஷம்தான். குழுத் தலைவி ஜோதிமணி அக்கா தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க, 'காளீஸ்வரி, உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது. ஆனா பசிக்குக் கைப்பக்குவம் தெரியாதும்மா. திங்கக்கிழமை பிந்துனா அடுத்த ஆளைப் போட்டுருவேன்.' அவங்களும் என்ன செய்வாங்க?

மத்தியானம் மாமா வந்தாரு. எரிஞ்ச பம்பைக் கழட்டி வாசல்ல வச்சிருந்தோம். பாத்ததும் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. 'ஆத்தா, நான்தான்... நான்தான்த்தா...' நான் கையைப் புடிச்சு, 'நீங்க என்ன மாமா பண்ணுவீங்க? துஷ்டிக்குப் போகாம இருக்க முடியுமா? நீங்க வீட்டுல இல்லாமப் போனது உங்க தப்பா?'ன்னு சொன்னேன். அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் எந்திரிச்சுப் போயிச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. ரெண்டு நாளாப் பச்சைத் தண்ணிதான். எம்மேல அம்புட்டுப் பாசம்க்கா. எனக்கு வேலை போயிரும்னு அவருக்கு என்னைவிடக் கவலை.

இன்னைக்குக் கடையில பாஸ்கர் அண்ணன் காயில் கட்டி ஓட்டிக் காமிச்சாரு. நல்லாத்தான் ஓடுது. அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, 'தங்கச்சி, இது பம்புக் கோளாறே இல்ல. வால்வை யாரோ மூடுறாங்க. நிக்கிற அன்னைக்கெல்லாம் யாரு போயித் திறக்கிறது?'ன்னாரு. மாமாவைப் பத்திச் சொன்னேன். ஊரு, டேங்கு, மொறை வச்சது, சாப்பிடாமப் படுத்திருக்கிறது, எல்லாம். அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. காபி வாங்கிக் குடுத்தாரு. 'சரி, இந்தத் தானா ஓடுற சுவிட்சைக் கழட்டிருவோம்'னாரு. 'சாதா சுவிட்சு போட்டுத் தர்றேன். ஆனா ஒரு ஆளு நேரத்துக்கு மேல போயி வால்வைத் திறந்து, பம்பைப் போட்டு, எல்லாரும் புடிச்சதும் நிறுத்தி, வால்வை மூடணும். தப்புனா மறுபடியும் எரியும். பொறுப்பான ஆளு வேணும், இருக்காரா?'

இருக்காரு. ஆனா எந்த மூஞ்சியோட கேக்குறது? ஓய்வா இருங்கன்னு நானே சொன்னேன். இப்ப நானே போயி, மறுபடியும் நாலு மணிக்குப் படி ஏறுங்க மாமான்னு கேக்கணும். எனக்கு வேற வழியும் இல்ல. திங்கக்கிழமை நான் அஞ்சேகாலுக்கு அங்க நிக்கணும். மாட்டுத்தாவணியில இருந்து அதையேதான் நெனச்சுக்கிட்டு வர்றேன். அதான் உங்ககிட்டப் புலம்புறேன்.

இருங்கக்கா, அவருதான் கூப்பிடுறாரு.

சொல்லுங்க மாமா... ஆமா, காரியாபட்டி தாண்டிட்டோம்... சரியாயிருச்சு மாமா. ஆனா ஒண்ணு... கோவிச்சுக்காதீங்க. இனிமே தானா ஓடாதாம். ஆளு போட்டாத்தான் ஓடுமாம்... ஆமா... ஆளு இல்லாட்டி ஓடவே ஓடாதாம்... நீங்கதான் மாமா. வேற யாரு இருக்கா?... மாமா? கேக்குதா?... மாமா?... ஆமா, மொறை வச்சுத்தான்... அடுப்படி முதல்ல... நாலு மணிக்கெல்லாம் வேண்டாம் மாமா, நாலரை போதும்... சரி, சரி, நாலுக்கே திறங்க... கொல்லைக்கு எவ்வளவு நேரம் விடணும்னு எனக்குத் தெரியாது மாமா, அதை நீங்கதான் சொல்லணும்... எதுக்கு நீங்க வர்றீங்க, நான் ஆட்டோவுல... ஹலோ?

வச்சுட்டாரு. பம்பைத் தூக்க பஸ் ஸ்டாண்டுக்கு வர்றாராம். சைக்கிள்ல.

குரலே உடைஞ்சு போச்சுக்கா. நடுவுல மூக்கை உறிஞ்சுறது கேட்டுச்சு. எவ்வளவு மனசு கஷ்டப்பட்டிருந்தா அப்படி இருக்கும்? முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மருமகளுக்காக எல்லாத்தையும் முழுங்கிக்கிறாரு. இந்த வயசுல அவரை உக்கார வச்சுச் சோறு போடணும்னுதான் ஆசைப்பட்டேன். எனக்குக் குடுத்து வைக்கல.

நீங்க என்னக்கா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க? தூக்கமா? பாவம், நானும் ஏறுனதுல இருந்து பேசிக்கிட்டே வர்றேன்.

இந்தா வந்துருச்சு. இவனைக் கொஞ்சம் புடிங்க, நான் சாக்கை எடுத்துக்கிறேன். அதோ நிக்கிறாரு பாருங்க, அந்த டீக்கடைக்கு முன்னால. அதான் எங்க மாமா. அட, சவரம் பண்ணியிருக்காரு. தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டை வேற. தீபாவளிக்கு எடுத்தது, மடிப்புப் பிரிக்காம பெட்டியிலயே கெடந்துச்சு.

இந்த மனுசரை என்ன செய்ய, சொல்லுங்க. கிரீஸும் துருவுமா இருக்கிற பம்பைத் தூக்க வர்றவரு யாராவது வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வருவாங்களா? துவைக்கிறது யாரு? நான்தானே. சரிக்கா, இவனைக் குடுங்க. போயிட்டு வர்றேன்.